வளர்ப்புப் பிள்ளை காணாமல் போனால், திரும்பி வந்தால்: வீட்டார் செய்ய வேண்டியவை, ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் வளர்ந்த பையன் இரண்டாவது முறை காணாமல் போனதற்கு நான்தான் காரணம். முதல் முறை அவன் திரும்பி வந்தபோது, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் நிற்க வைத்தே நான் பேசிய பேச்சு அப்படி. இரண்டு ராத்திரி தூங்காத பயமெல்லாம் கோபமாக வாயில் வந்தது. "இங்க உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் மறுபடியும் கிளம்பிவிட்டான். அப்போது அவனுக்கு 13 வயது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் தங்கி வளர்ந்தார்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இதே வேலையைச் செய்யும் மற்ற குடும்பங்களோடும் நிறையப் பேசியிருக்கிறேன். பிள்ளை காணோம் என்றதும் எல்லாரும் ஓடுகிறோம், தேடுகிறோம், அழுகிறோம். அது திரும்பி வந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை மறுபடியும் ஓடுகிறது, அல்லது ஓடாமல் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முன்பே தயாராக இருக்க வேண்டிய உறை

பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஓர் உறையைத் தயார் செய்யுங்கள். "இப்படியெல்லாம் நினைத்துப் பார்ப்பதே அபசகுனம்" என்று என் மாமியார் சொன்னார். ஆனால் பதற்றத்தில் நமக்குப் பிள்ளையின் உயரம்கூட நினைவுக்கு வராது. எனக்கு வரவில்லை.

உறைக்குள் சமீபத்தில் எடுத்த இரண்டு படங்கள் இருக்க வேண்டும், ஒன்று முகம், ஒன்று முழு உருவம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வளரும் பிள்ளை வேகமாக மாறும். மைகிட் அல்லது மைகாட் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திர நகல், பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்த நீதிமன்ற ஆணை அல்லது சமூக நல இலாகாவின் கடித நகல் ஆகியவற்றையும் வையுங்கள். உயரம், எடை, தழும்பு, மச்சம், சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, ஆஸ்துமா போன்ற நோய், கைப்பேசி எண், அதன் ஐ.எம்.இ.ஐ எண் (கருவியின் தனி அடையாள எண்), விளையாட்டுகளிலும் டிக்டாக்கிலும் பயன்படுத்தும் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதனுடன் சேருங்கள்.

இரண்டாவது தாள்தான் முக்கியம். பிள்ளைக்கு நெருக்கமானவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். வேறு இல்லத்தில் இருக்கும் தங்கை, முன்பு குடியிருந்த தாமான் (குடியிருப்புப் பகுதி), பழைய தமிழ்ப்பள்ளித் தோழன், எஸ்டேட்டில் இருக்கும் பாட்டி என்று எல்லாரும் அதில் வரட்டும். இங்கிலாந்தில் பிள்ளைகள் இல்லங்களும் போலீஸும் சேர்ந்து இப்படியொரு படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நமக்கு அச்சடித்த படிவம் தேவையில்லை, பள்ளி நோட்டில் கிழித்த தாளே போதும்.

பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் சமூகத்தில் பிறப்பே பதிவாகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். "பத்திரம் இல்லையே, போலீஸுக்குப் போனால் பிரச்சனை ஆகிவிடுமோ" என்று வளர்ப்பவர்கள் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். தயங்காதீர்கள். காணாமல் போன பிள்ளையைத் தேட யாருக்கும் பிறப்புப் பத்திரம் தேவையில்லை. பத்திரம் இல்லாத பிள்ளை தவறான கையில் சிக்கினால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அவர்களுக்காகத்தான் இன்னும் சீக்கிரம் புகார் செய்ய வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. முதலில் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். கட்டிலுக்கு அடியில், மாடிப்படியில், பக்கத்து வீட்டில். சின்னப் பிள்ளை என்றால் துணி அலமாரியிலும் பாருங்கள். பயந்த பிள்ளைகள் அதில் ஒளிவதுண்டு. என்ன எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றும் பாருங்கள். பள்ளிப்பை இருக்கிறதா? சார்ஜர்? பிடித்த சட்டை? பஸ், ரயிலுக்கான டச் என் கோ கார்டு? சார்ஜரும் மாற்றுத் துணியும் இல்லையென்றால் பிள்ளை திட்டமிட்டுப் போயிருக்கிறது. எல்லாம் அப்படியே இருந்தால் கவலை இன்னும் அதிகம்.

கைப்பேசிக்கு அழையுங்கள். ஒன்றிரண்டு முறை போதும், முப்பது முறை அழைத்தால் பேட்டரிதான் தீரும். ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். நான் இப்போது அனுப்பும் செய்தி இதுதான்: "எங்க இருக்க? கோபம் இல்ல. சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன். எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் வந்து கூட்டிட்டு வரேன்." கேள்விக்குறிகளை அடுக்காதீர்கள், மிரட்டாதீர்கள். அந்தச் செய்தியைப் பிள்ளை எங்கோ ஒரு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பத்து முறை படிக்கும்.

ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், கதவைத் தட்டும் பிள்ளைக்குக் கதவு திறக்க ஆள் வேண்டாமா? ஒருவர் அக்கம்பக்கம் தேட, ஒருவர் போன் பேச. ஒரு தாளில் மணியோடு எழுதிக்கொண்டே போங்கள்: 4.10க்குப் பள்ளிக்கு அழைத்தேன், 4.25க்குத் தோழனின் அம்மாவிடம் பேசினேன். பிறகு போலீஸும் அதிகாரியும் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

போலீஸ் புகார்: 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம்

முதல் முறை நான் செய்த பெரிய தப்பு இது. மறுநாள் காலைவரை காத்திருந்தேன். 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினேன். மலேசியாவில் அப்படி ஒரு விதி கிடையாது. பிள்ளையைக் காணவில்லை என்று உறுதியானதும் போகலாம், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். செந்தூலில் காணாமல் போன பிள்ளைக்குப் பட்டர்வொர்த்திலும் புகார் கொடுக்கலாம். கடத்தல், காயம், தற்கொலைப் பேச்சு போன்ற எந்த அறிகுறி இருந்தாலும் நேராக 999 அவசர எண்ணை அழையுங்கள்.

உறையை எடுத்துப் போங்கள். கௌண்டரில் இருப்பவர், "ஓடிப்போன பிள்ளைதானே, பசித்தால் வந்துவிடும்" என்று சொன்னாலும் மரியாதையாக நின்று மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை. நீதிமன்ற ஆணைப்படி உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. இந்தந்தக் காரணத்தால் ஆபத்து இருக்கிறது. மூன்றாவது வாக்கியத்தில்தான் விவரம் வேண்டும். வலிப்பு மருந்து கையில் இல்லை, இதற்கு முன் அடித்த மாமா தேடிக்கொண்டிருக்கிறார், வயதில் மூத்த ஒருவர் இணையத்தில் பேசிவருகிறார், இப்படி. புகாரின் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயர், எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மலாயில் எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். புரியவில்லை என்றால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் நூர் அலெர்ட் பற்றிக் கேளுங்கள். 2007ல் வங்சா மாஜு இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயதுச் சிறுமியை இழந்த துயரத்துக்குப் பிறகு, 2011ல் வந்த அவசர அறிவிப்பு முறை அது.

சமூக நல இலாகாவுக்குச் சொல்வது

போலீஸுக்குச் சொன்ன அதே மூச்சில் வெல்ஃபேர் அதிகாரிக்கும் சொல்லுங்கள். அலுவலக நேரம் முடிந்திருந்தால் தாலியான் காசே உதவி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அழைத்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் பலருக்கும் ஒரு பயம் உண்டு. "சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களோ?" நானும் அப்படிப் பயந்தேன். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, பெற்றோர் இல்லாத அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை நீதிமன்றம் வளர்ப்புப் பெற்றோரிடம் 2 ஆண்டுகளுக்கு, அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை ஒப்படைக்கலாம். அதாவது பிள்ளை நம் வீட்டில் தூங்கினாலும் அதற்குப் பொறுப்பு நமக்கு மட்டும் இல்லை. மறைத்தால், பிறகு தெரிய வரும்போது போகும் நம்பிக்கையை எதைக் கொண்டும் திரும்ப வாங்க முடியாது. உடனே சொன்ன குடும்பத்தை அதிகாரிகள் மதிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் படம் போடும் முன்

கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் நிறுத்துங்கள். பாதுகாப்பு நடவடிக்கையிலோ நீதிமன்ற நடவடிக்கையிலோ இருக்கும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போட்ட படத்தை அந்தப் பிள்ளையை அடித்து விரட்டியவரும் பார்ப்பார். பள்ளியில் எல்லாரும் பார்ப்பார்கள். பிள்ளை திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் படம் யாரோ ஒருவருடைய குழுவில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

படம் வெளியிடலாமா என்று விசாரணை அதிகாரியிடமும் வெல்ஃபேர் அதிகாரியிடமும் கேளுங்கள். போலீஸ் வெளியிட்டால் அதை மட்டும் பகிருங்கள். தொடர்பு எண்ணாகப் போலீஸ் எண்ணைத்தான் போட வேண்டும். உங்கள் எண்ணைப் போட்டால், "பிள்ளை என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு" என்று ஏமாற்றுகிறவர்கள் அழைப்பார்கள். "வளர்ப்புப் பிள்ளை", "இல்லத்துப் பிள்ளை" என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது.

எங்கே தேடுவது

பிள்ளைகள் ஒன்றைவிட்டு ஓடுகிறார்கள், அல்லது ஒருவரைத் தேடி ஓடுகிறார்கள். வளர்ப்பு வீடுகளிலிருந்து போகும் பிள்ளைகளில் நான் அறிந்த பெரும்பாலானவர்கள் ஒருவரைத் தேடித்தான் போனார்கள். எங்கள் பையன் செந்தூலிலிருந்து ரயிலேறி பண்டார் தாசேக் செலாத்தான் போய், அங்கே டி.பி.எஸ் நிலையத்தில் பஸ் பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போயிருந்தான். அங்கே ஓர் இல்லத்தில் அவன் தங்கை இருந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாள். எனக்கு அது தெரியாது, கேட்டதும் இல்லை.

ஆகவே இரண்டாவது தாளை எடுங்கள். அதில் இருப்பவர்களுக்கு அழையுங்கள், சண்டைக்கு அழைக்காதீர்கள். "அங்க வந்தா பத்திரமா வச்சிக்குங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றால் போதும். பிள்ளைக்கு ஆபத்தானவர்கள் என்று ஆணையில் குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் நீங்கள் அழைக்காமல் போலீஸிடம் விடுங்கள். கோலாலம்பூர் என்றால் மஸ்ஜிட் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், கே.எல். சென்ட்ரல், சைபர் கஃபேக்கள், விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் உணவுக்கடைகள். பினாங்கு என்றால் கொம்தார், லிட்டில் இந்தியா, சுங்கை நிபோங் பஸ் நிலையம், ஃபெர்ரித் துறை. இரவில் தனியாகத் தேடப் போகாதீர்கள். யாருடைய வீட்டுக்குள்ளும் நீங்களே புகுந்து பிள்ளையை இழுத்துவராதீர்கள். இருக்கும் இடம் தெரிந்தால் விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

கதவு திறக்கும்போது

இப்போது அந்த ஒரு மணி நேரம்.

பிள்ளை வாசலில் நிற்கிறது. நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "வந்துட்டியா, நல்லது. உள்ள வா, பசியாறு." குரல் நடுங்கினால் பரவாயில்லை. அழுகை வந்தாலும் பரவாயில்லை. கேள்வி மட்டும் வேண்டாம். எங்கே போனாய், யாரோடு போனாய், ஏன் போனாய் என்ற மூன்றும் நாளைக்கு.

இரண்டாவது முறை அவன் வந்தபோது ராத்திரி 11 மணி. சட்டியில் இருந்த மீ கோரேங்கைச் சூடு பண்ணி மைலோ கலக்கி வைத்தேன். என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தார். பாதி தட்டு காலியானதும் அவனாகவே சொன்னான், "ஆன்டி, பஸ்ஸுல காசு பத்தல, ஒருத்தர் குடுத்தாரு." முதல் முறை வாசலில் நான் கத்தாமல் இருந்திருந்தால் அப்போதே இப்படிப் பேசியிருப்பான்.

பிள்ளை சாப்பிடும்போது கண்ணால் மட்டும் பாருங்கள். காயம் இருக்கிறதா? நடையில் தடுமாற்றம்? கண் சொருகுகிறதா? போகும்போது இல்லாத புதுக் கைப்பேசி, புதுக் காலணி, கையில் காசு, புதிதாகக் குத்திய பச்சை? 04, 08, 36 போன்ற எண்கள் என்றால் அது எந்தக் கும்பலைக் குறிக்கிறது என்று நம் இடங்களில் எல்லாருக்கும் தெரியும். பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிடுங்கிச் சோதிக்காதீர்கள். எழுப்ப முடியாத தூக்கம், மூச்சில் மாற்றம், வாந்தி என்று எது இருந்தாலும் "தூங்கட்டும்" என்று விடாமல் 999 அழையுங்கள்.

வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்: அண்ணன் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். உறவினர்கள் கூடி வைக்கும் பஞ்சாயத்து அன்றைக்கு வேண்டவே வேண்டாம். படுக்கையைப் போட்டு வைத்திருங்கள், போகும்போது இருந்த அதே இடத்தில், அதே போர்வையோடு. தன் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

குளிக்கச் சொல்லும் முன் ஒரு நிமிடம்

இரண்டு நாள் வெளியே இருந்த பிள்ளையைக் குளிக்கச் சொல்வது நம் இயல்பு. பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று சின்னச் சந்தேகம் வந்தாலும் குளிக்க வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லுங்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் ஓ.எஸ்.சி.சி என்று சொல்லுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்குப் பொது மருத்துவமனையிலும் அந்தச் சேவை இருக்கிறது. மருத்துவர், போலீஸ், சமூக நலம் எல்லாம் ஓரிடத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்படுத்தியது அது. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எனவே காலைவரை காத்திருக்காதீர்கள்.

நடந்ததைத் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை தானாகச் சொன்னால், அது சொன்ன அதே சொற்களில் எழுதி வையுங்கள். "அவன் உன்னைத் தொட்டானா?" என்று நாம் எடுத்துக் கொடுக்கும் கேள்விகள் பிறகு வழக்கைக் கெடுக்கும். பிள்ளைகளிடம் பேசப் பயிற்சி பெற்ற போலீஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் விடுங்கள். 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். "குடும்ப மானம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மூன்று நாளுக்குள் ஒரு பேச்சு

இங்கிலாந்தில் 2014ல் வந்த அரசு வழிகாட்டுதல், பராமரிப்பிலிருந்து காணாமல் போய்த் திரும்பிய பிள்ளையோடு 72 மணி நேரத்துக்குள் வெளி ஆள் ஒருவர் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்கிறது. அந்த ஆள் பிள்ளையை வளர்ப்பவராக இருக்கக் கூடாது. இதில் பெரிய நியாயம் இருக்கிறது. பிள்ளை ஓடியதற்குக் காரணம் நம் வீடாகவே இருக்கலாம். அதை நம்மிடமே எப்படிச் சொல்லும்?

வெல்ஃபேர் அதிகாரியிடம் கேளுங்கள். அவருக்கு நேரமில்லை என்றால், பள்ளியின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரோ பிள்ளை நம்பும் ஒருவரோ பேசட்டும். கேட்க வேண்டியவை எளிமையானவை: போகும் முன் அந்த நாள் எப்படி இருந்தது? வெளியே எங்கே தூங்கினாய், யார் சாப்பாடு தந்தார்கள்? எது நல்லா இருந்தது? எது பயமாக இருந்தது? திரும்பி வர எது உன்னைத் தூண்டியது? "எது நல்லா இருந்தது" என்ற கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை எதைத் தேடிப் போனது என்று சொல்லும் கேள்வி அதுதான். எங்கள் பையன் ஆலோசனை ஆசிரியையிடம் சொன்ன பதில்: "தங்கச்சி என் பக்கத்துல உட்கார்ந்து கேக் சாப்பிட்டா."

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வெல்ஃபேர் அலுவலகத்துக்குப் போனோம். மாதம் ஒருமுறை வீடியோ அழைப்பு, பள்ளி விடுமுறையில் நேரில் சந்திப்பு என்று ஏற்பாடானது. நான்கு மாதம் ஆனது, நடையாய் நடந்தோம். பிள்ளை கேட்டதில் ஒன்றாவது நடந்தால்தான் அடுத்த முறை அது காலால் கேட்காமல் வாயால் கேட்கும்.

தண்டனை பற்றி ஒரு வார்த்தை. பிரம்பு வேண்டாம். கைப்பேசியையும் பிடுங்க வேண்டாம், அடுத்த முறை உங்களை அழைக்க இருப்பது அது ஒன்றுதான். சிறார் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி "கட்டுக்கடங்காத பிள்ளை" என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தங்கையைப் பார்க்கப் போன பிள்ளைக்கு அது மருந்தல்ல.

திறந்திருக்கும் கோப்புகளை மூடுவது

பிள்ளை வந்ததும் விசாரணை அதிகாரிக்கும் வெல்ஃபேருக்கும் உடனே சொல்லுங்கள். புகார் திறந்தே இருந்தால், அடுத்த மாதம் கடைக்குப் போகும் பிள்ளையைப் போலீஸ் நிறுத்திவிடும். படம் பகிர்ந்தவர்களிடம் அழிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்குத் தேவையான அளவு மட்டும் தெரிந்தால் போதும்.

மறுபடியும் போனால்

ஒவ்வொரு முறையும் புதிதாகப் புகார் கொடுங்கள். ஐந்தாவது முறை ஆகும்போது வீட்டிலும் ஸ்டேஷனிலும் "அவன் எப்பவும் இப்படித்தான்" என்ற வார்த்தை வரும். திரும்பத் திரும்பப் போகும் பிள்ளையைத்தான் வெளியே சிலர் கவனித்துவைத்திருக்கிறார்கள். நாட்காட்டியில் பிள்ளை ஓடிப்போன நாட்களைச் சிவப்பில் குறியுங்கள், ஏதாவது ஒழுங்கு தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரம், நீதிமன்றத் தவணைக்கு முந்திய நாள், சொந்த அம்மாவிடமிருந்து வருவதாகச் சொன்ன அழைப்பு வராத ஞாயிறு. அந்த நாட்களுக்கு முன்பே பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்களுக்கும் மனம் சோர்ந்தால் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555ஐ அழைத்துப் பேசுங்கள்.

பிள்ளையோடு சேர்ந்து ஒரு சின்ன ஒப்பந்தமும் செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கைப்பேசி உறைக்குள் இருபது ரிங்கிட், என் எண் எழுதிய துண்டுத்தாள், 15999. மூச்சு முட்டினால் கிளம்பும் முன் ஒரு முறை அழைக்க வேண்டும். அழைத்தால் நான் கேள்வி கேட்காமல் வர வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு சாயந்தரம் டி.பி.எஸ்ஸிலிருந்து அழைத்தான். டிக்கெட் இன்னும் வாங்கவில்லையாம். என் வீட்டுக்காரர் காரை எடுத்தார், நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் ஒரு மாமாக் கடையில் நிறுத்தி மூன்று ரொட்டி சானாய் சொன்னோம்.